சத்தத்தை அடக்காதிருங்கள்



இந்த மாதம் ஒரு மோட்டார் சைக்கிளைக் குறித்து எழுதப்போகிறேன். "போதகருக்கு இது என்ன வேலை?" என்று எண்ணாமல் முடிவுவரை வாசிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். தாராவியிலும் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் நம்முடைய குடும்பங்கள் பலவற்றில் அன்றாட ஆகாரம் ஒரு சிறிய வண்டியின்மேல் ஏறித்தான் வீட்டுக்கு வருகிறது. இட்லி விற்கிறவரும், பார்சல் கொண்டுபோகிறவரும், இரவு வேலை முடித்துத் திரும்புகிறவரும் அந்த வண்டியை நம்பியிருக்கிறார்கள். அது நின்றுபோனால் அடுப்பும் நின்றுபோகிற வீடுகளை நான் அறிவேன்.

என்னிடத்தில் பழைய ஸ்ப்ளெண்டர் ஒன்று உண்டு. 1994-ல் முதன்முதலாகச் சந்தைக்கு வந்து, இந்தியாவின் தெருவெல்லாம் நிறைந்த அதே வகை; 97.2 சி.சி. எஞ்சின். வியாழக்கிழமை மாட்டுங்கா லேபர் கேம்ப் பகுதியில் வீடு சந்திப்பு, சனிக்கிழமை செம்பூரில் வீட்டுக்கூட்டம் என்று அது என்னை ஆண்டுக்கணக்காய்ச் சுமந்து வந்திருக்கிறது. 2023-ஆம் ஆண்டு மழைக்காலத்தில் ஓர் இரவு, எங்கள் சந்தில் தேங்கிய நீரில் பாதிச் சக்கரம் மூழ்கும்படி அது நின்றது. காலையில் துணியால் துடைத்தேன், கிக்கரை உதைத்தேன். ஸ்டார்ட் ஆனது. ஸ்தோத்திரம் சொல்லிப் புறப்பட்டுவிட்டேன்.

சில வாரங்களுக்குப் பின் எஞ்சினிலிருந்து 'கடகட' என்று ஒரு சத்தம் எழும்பியது. எப்போது தொடங்கிற்று என்று என்னால் நிச்சயமாய்ச் சொல்ல முடியவில்லை. நம்முடைய பட்டணத்தில் ஒருவன் தன் வண்டியின் சத்தத்தைக் கேட்பதே அரிது. லாரிகளின் ஹாரன், பாலம் கட்டும் இயந்திரங்கள், ஒலிபெருக்கி, இவற்றின் நடுவே அது அமிழ்ந்துபோகிறது. ஒருநாள் விடியற்கால ஜெபம் முடிந்து ஐந்து மணிக்கு வண்டியை எடுத்தேன். சந்து அமைதியாயிருந்தது. அப்பொழுதுதான் அந்தச் சத்தம் என் காதில் முழுவதுமாய் விழுந்தது.

சத்தம் போயிற்று, பெலனும் போயிற்று

வண்டியை ஒரு பட்டறையில் விட்டேன். ஒரு மணி நேரத்தில் கொடுத்துவிட்டார்கள். சத்தம் வெகுவாய்க் குறைந்திருந்தது. எனக்கோ மகிழ்ச்சி. ஆனால் ஒரு வாரத்துக்குள் காலையில் ஸ்டார்ட் செய்ய எட்டு, பத்து உதை தேவைப்பட்டது. சயான் மேம்பாலத்தில் ஏறும்போது வண்டி திணறியது. பத்தாம் நாள் பழைய சத்தமும் திரும்பி வந்தது. வேறொரு பட்டறைக்குப் போனேன். எஞ்சினை முழுவதும் பிரித்து, போர் வேலை செய்து, புதிய பிஸ்டன் போடவேண்டும் என்றார்கள். அவர்கள் சொன்ன தொகை என்னால் தாங்கக்கூடியதாயில்லை.

அந்த நாட்களில் செம்பூர் வீட்டுக்கூட்டத்துக்கு வருகிற ஒரு சகோதரர் நினைவுக்கு வந்தார். நெல்லைச் சீமையிலிருந்து இளவயதிலே மும்பைக்கு வந்து, சாலையோரத்தில் வண்டி வேலை செய்து குடும்பம் காப்பாற்றுகிறவர். 2005 ஜூலை 26-ஆம் தேதி, சாந்தாகுரூசில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பெய்து மித்தி ஆறு பெருகியபோது, தாராவியிலும் குர்லாவிலும் நீரில் மூழ்கிய வண்டிகள் பலவற்றை உயிர்ப்பித்தவர். அவரிடத்தில் வண்டியைக் கொண்டுபோனேன்.

அவர் ஸ்பேனரைத் தொடவில்லை. "ஐயா, இந்தச் சத்தம் எப்போதிருந்து?" என்று கேட்டார். அதற்குச் சற்று முன் வண்டிக்கு என்ன நேர்ந்தது என்று கேட்டார். மழைநீரில் நின்றதைச் சொன்னேன். "அதற்குப் பிறகு ஆயில் மாற்றினீர்களா?" என்றார். நான் மாற்றவில்லை. கடைசியாக எப்போது மாற்றினேன் என்பதும் எனக்கு நினைவில்லை.

எஞ்சினின் வலப்புறத்தில் ஆயில் அளவு பார்க்கும் கம்பியை எடுத்துத் துடைத்து, மறுபடியும் இட்டு எடுத்துக் காட்டினார். எண்ணெய் கீழ்க்கோட்டைத் தொடவில்லை. இருந்த கொஞ்சமும் கறுத்து, ஓரத்தில் பால் கலந்த தேநீரைப்போல் வெளுத்திருந்தது. எண்ணெயில் நீர் கலந்ததற்கு அதுவே அடையாளம். இந்தச் சிறிய எஞ்சினுக்குள் இருப்பது ஒரு லிட்டருக்கும் குறைவான எண்ணெய். அதில் கால் லிட்டர் குறைந்தாலும் அது பெரும் குறைவு.

பின்பு டாப்பெட் மூடியைத் திறந்தார். வால்வுக்கும் அதைத் தள்ளுகிற கைக்கும் நடுவே ஒரு தலைமுடியின் கனத்தளவு இடைவெளி இருக்கவேண்டும். எஞ்சின் சூடாகும்போது உலோகம் விரியும். அதற்காகவே அந்த இடம் விடப்பட்டிருக்கிறது. என் வண்டியில் அது அறவே இல்லாமல் இறுக்கப்பட்டிருந்தது. "சத்தத்தை அடக்குவதற்காக இறுக்கியிருக்கிறார்கள், ஐயா. இப்படி இறுக்கினால் வால்வு முழுவதும் மூடாது. அழுத்தம் கசியும், ஸ்டார்ட் ஆகாது, இழுக்காது. இன்னும் சில மாதம் ஓடியிருந்தால் வால்வே கருகிப்போயிருக்கும். சற்றே சத்தமிடுகிற டாப்பெட்டுக்கு நான் பயப்படமாட்டேன். சத்தமே இல்லாத டாப்பெட்டுக்குத்தான் பயப்படுவேன்" என்றார்.

அந்த வார்த்தை என் உள்ளத்தில் தைத்தது.

சத்தத்தைக் கேட்கும் விதம்

அன்று அவரிடம் கற்றுக்கொண்டதை உங்களுக்கும் சொல்லுகிறேன். வண்டி உள்ளவர்களுக்கு இது பணத்தை மிச்சப்படுத்தும்.

முதலாவது, எண்ணெயைப் பாருங்கள். சமதரையில் மெயின் ஸ்டாண்டில் நிறுத்தி, சில நிமிடம் ஓடவிட்டு அணைத்து, இரண்டு மூன்று நிமிடம் பொறுத்துப் பாருங்கள். எந்த உதிரிபாகத்தையும் மாற்றுவதற்கு முன் இதைச் செய்யவேண்டும். வண்டி நீரில் நின்றிருந்தால் அவசரப்பட்டு உதைக்காதிருங்கள். சிலிண்டருக்குள் நீர் புகுந்திருந்தால் நீர் சுருங்காது. பிஸ்டன் அதன்மேல் மோதி, கனெக்டிங் ராடு வளைந்துபோகும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி நீரை வெளியேற்றி, எண்ணெயை மாற்றிய பின்பே ஸ்டார்ட் செய்யவேண்டும்.

இரண்டாவது, சத்தம் எஞ்சினுடையதா, சக்கரத்தினுடையதா என்று பிரித்தறியுங்கள். வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் ஆக்சிலரேட்டரைத் திருகும்போதும் சத்தம் வந்தால் அது எஞ்சினுடையது. ஓடும்போது மாத்திரம் வந்து, சக்கரத்தின் வேகத்தோடு கூடிக் குறைந்தால் செயின், ஸ்பிராக்கெட், சக்கரத்தின் பேரிங் இவற்றைப் பார்க்கவேண்டும். சைலென்சரின்மேல் உள்ள தகடு, நம்பர் பிளேட், எஞ்சினைப் பிடித்திருக்கும் போல்ட் ஆகியவை தளர்ந்திருந்தாலும் எஞ்சினே அழிகிறதுபோல் சத்தம் கேட்கும். ஒரு ஸ்பேனரால் தீரவேண்டிய காரியத்துக்கு எஞ்சினையே பிரித்தவர்கள் உண்டு.

மூன்றாவது, எப்போது வருகிறது என்று கவனியுங்கள். குளிர்ந்திருக்கும்போது அதிகமாகவும் சூடேறியபின் குறைவாகவும் கேட்டால் பிஸ்டன் தேய்ந்திருக்கக்கூடும். கிளட்சைப் பிடித்தவுடன் மாறினால் கிளட்சைச் சோதிக்கவேண்டும். பின்னால் ஆளை ஏற்றிக்கொண்டு டாப் கியரிலேயே பாலம் ஏறும்போது 'கிணிங் கிணிங்' என்று கேட்டால், எரிபொருள் அகாலத்தில் எரிகிறது என்று பொருள். கியரைக் குறைக்கவேண்டும், தொடர்ந்தால் கரி படிந்திருக்கிறதா என்று பார்க்கவேண்டும். அடியிலிருந்து 'டொக் டொக்' என்று கனத்த சத்தம் வந்தால் அந்த நிமிடமே வண்டியை நிறுத்துங்கள். அது கனெக்டிங் ராடின் பேரிங்காய் இருக்கக்கூடும். எஞ்சின் ஓடும்போதே இறுகி, சக்கரம் நின்று, விழ நேரிடும்.

நான்காவது, எங்கிருந்து வருகிறது என்று தேடுங்கள். நம் சகோதரர் ஒரு நீண்ட ஸ்குரூ டிரைவரை எடுத்து, அதன் முனையை எஞ்சினின்மேல் ஒவ்வோர் இடமாய் வைத்து, கைப்பிடியைக் காதருகே பிடித்துக் கேட்டார். இப்படிக் கேட்கிறவர்கள் சுழலும் பாகங்களுக்கும் சூடான சைலென்சருக்கும் விலகியிருக்கவேண்டும். மூடிய அறையில் எஞ்சினை ஓடவிடக்கூடாது, அதன் புகை உயிரைக் கொல்லும். மேலே தலைப்பகுதியில் சீராய் 'டிக் டிக்' என்றால் டாப்பெட். எஞ்சின் நிமிடத்துக்கு 1400 முறை சுற்றினால் வால்வுகள் 700 முறை திறக்கும். ஆகையால் அந்தச் சத்தம் எஞ்சினின் ஓட்டத்தில் பாதி வேகத்தில் கேட்கும். இடப்பக்கத்தில் சங்கிலி உராய்கிறதுபோல் கடகடத்தால் டைமிங் செயின்.

என் வண்டியில் சத்தம் இடப்பக்கத்தில் இருந்தது. டைமிங் செயினை இறுக்கிப் பிடிக்கிற டென்ஷனருக்கு எண்ணெயும் துணைசெய்கிறது. எண்ணெய் குறைந்து கெட்டபடியால் அது பிடியிழந்தது. செயின் அடித்துக்கொண்டு தேய்ந்தது. அவர் எண்ணெயை மாற்றி, குளிர்ந்த எஞ்சினில் தகடு வைத்து டாப்பெட்டை அளவோடு தளர்த்தி, டைமிங் செயினையும் தேய்ந்த உருளையையும் மாற்றினார். பிஸ்டனுக்கு ஒன்றும் நேரவில்லை. குற்றம் வண்டியிலும் இல்லை, பழுதுபார்த்தவர்களிடத்தில் மாத்திரமும் இல்லை. எண்ணெயைப் பாராமல் மாதக்கணக்காய் ஓட்டிய என்னிடத்திலேயே தொடங்கியது.

2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பி.எஸ்.6 வண்டிகளில் பெரும்பாலானவற்றில் கார்புரேட்டர் போய் இன்ஜெக்‌ஷன் வந்துவிட்டது. ஆயினும் டாப்பெட்டும் டைமிங் செயினும் எண்ணெயும் அப்படியே இருக்கின்றன. கேட்கும் விதமும் மாறவில்லை.

அவர் கேட்ட கேள்வியை நான் கேட்டேன்

பிரியமானவர்களே, இதற்காக மாத்திரம் நான் இந்த மாதம் எழுத உட்காரவில்லை.

அவர் ஸ்குரூ டிரைவரைக் காதில் வைத்துக் கேட்டுக்கொண்டிருக்கும்போது மூன்று முறை அதை எடுக்க நேர்ந்தது. இருமல் அவரைக் குனியவைத்தது. நான் அவரைப் பார்த்தேன். சட்டை தோளில் தொங்கிற்று. கன்னம் ஒட்டியிருந்தது. இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் நான் அவர் தலைமேல் கைவைத்து ஜெபித்திருக்கிறேன். ஒருமுறையாவது அவரை இப்படிப் பார்த்ததில்லை.

"தம்பி, இந்த இருமல் எப்போதிருந்து?" என்று கேட்டேன்.

"மழைக்காலத்திலிருந்து, ஐயா."

"ஏதாவது எடுத்துக்கொண்டீர்களா?"

"மெடிக்கலில் சிரப் வாங்கிக் குடிக்கிறேன். குடித்தால் அடங்குகிறது. மாலையில் கொஞ்சம் காய்ச்சல் வரும், அவ்வளவுதான்."

"ஏன் என்னிடத்தில் சொல்லவில்லை?"

அவர் கையிலிருந்த எண்ணெயைத் துடைத்துக்கொண்டே இருந்தார். பின்பு, "போன மாதம் சபையில் எழுந்து, கர்த்தர் இருமலைச் சுகமாக்கினார் என்று சாட்சி சொல்லிவிட்டேன், ஐயா. எல்லாரும் அல்லேலூயா சொன்னார்கள். திரும்பவும் இருமுகிறேன் என்று எப்படிச் சொல்வேன்? கூட்டத்தில் வந்தால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போய் இருமிவிட்டு வருவேன்" என்றார்.

அவரும் மனைவியும் இரண்டு பெண் பிள்ளைகளும் ஒரே அறையில் படுக்கிறார்கள்.

நான் அப்பொழுது அடைந்த வெட்கத்தை எழுத வார்த்தை இல்லை. என் வண்டியின் டாப்பெட்டை இறுக்கினவர்மேல் நான் கோபமாயிருந்தேன். ஆனால் என் சபையில் ஒரு மனிதன் தன் இருமலை இறுக்கிக்கொள்ளும்படி செய்தது யார்? சுகத்தின் சாட்சிக்கு இடம் கொடுத்த நான், "இன்னும் சுகமாகவில்லை" என்று சொல்ல இடம் வைக்கவில்லை. ஒரு தலைமுடியின் கனத்தளவு இடைவெளிகூட நான் விடவில்லை.

மறுநாள் இருவருமாய் நகராட்சி மருத்துவ நிலையத்துக்குப் போனோம். சளியைச் சோதித்தார்கள். காசநோய் என்று தெரிந்தது. அவருடைய அனுமதியின்பேரிலேயே இதை எழுதுகிறேன்.

ஆடுகளின் சத்தம்

1 சாமுவேல் 15-ஆம் அதிகாரத்தில் சவுல் ராஜா யுத்தம் முடித்து வந்து, கர்த்தருடைய வார்த்தையை நிறைவேற்றிவிட்டேன் என்று சாமுவேலுக்கு அறிவிக்கிறான். நல்ல சாட்சிதான். ஆனால் தீர்க்கதரிசியின் காதில் வேறொன்று விழுந்தது. அழிக்கப்பட்டிருக்கவேண்டிய ஆடுமாடுகள் பின்னால் கத்திக்கொண்டிருந்தன. அப்படியானால் இந்தச் சத்தம் ஏது என்று சாமுவேல் வினவினார். சவுலின் வாய் சொன்னதை ஆடுகளின் சத்தம் மறுத்தது.

இந்தப் பகுதியைப் பலமுறை பிரசங்கித்திருக்கிறேன்; எப்பொழுதும் சவுலின் கீழ்ப்படியாமையையே பேசினேன். சாமுவேலின் காதைக் குறித்துப் பேசினதில்லை. நம் சகோதரர் சவுல் அல்ல. அவர் கண்ட சுகத்தை உண்மையாகவே அறிக்கையிட்டார். குறைவு என்னிடத்தில். சாட்சியைக் கேட்ட எனக்கு அதன் பின்னால் வந்த சத்தத்தையும் கேட்கிற கடமை இருந்தது. விஷயத்தைக் கேட்குமுன் விடை சொல்லுகிறவனை நீதிமொழிகள் 18:13 புத்தியீனன் என்கிறது. நான் கேளாமலே ஜெபித்தேன்.

கர்த்தர் சுகமளிக்கிறவர் என்று நான் விசுவாசிக்கிறேன், அதில் மாற்றமில்லை. ஆனால் சோதித்தறிவது அவிசுவாசம் என்று வேதம் எங்கும் சொல்லவில்லை. லேவியராகமம் 13-ல் ஆசாரியன் நோயாளியைப் பார்க்கிறான், ஏழுநாள் பொறுக்கிறான், மறுபடியும் பார்க்கிறான். அதன்பின்பே சுத்தமென்றோ அசுத்தமென்றோ சொல்லுகிறான். லூக்கா 17-ல் இயேசு பத்துக் குஷ்டரோகிகளை ஆசாரியர்களிடத்தில் தங்களைக் காண்பிக்கும்படி அனுப்பினார். போகிற வழியிலே சுத்தமானார்கள். பவுலோடு பயணம்பண்ணின லூக்கா ஒரு வைத்தியர்.

மருத்துவர் மார்பில் வைத்துக் கேட்கிற ஸ்டெதஸ்கோப்பை 1816-ல் பாரிஸ் நகரத்து மருத்துவர் லெனக் கண்டுபிடித்தார். முதலில் அது சுருட்டிய காகிதம்தான். மற்றவர்களின் நெஞ்சுக்குள் கேட்கும் சத்தத்தையெல்லாம் உலகத்துக்கு விளக்கிய அவர், 1826-ல் காசநோயினாலேயே மரித்தார். அந்நாளில் மருந்து இல்லை. இன்று இருக்கிறது.

ஆகையால் தெளிவாய்ச் சொல்லுகிறேன். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால், மாலைக் காய்ச்சல், எடை குறைதல், இரவில் வியர்த்தல், சளியில் இரத்தம் ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால், சிரப்பினால் அதை அடக்காதிருங்கள். அரசு, நகராட்சி நிலையங்களில் சளிப் பரிசோதனையும் மருந்தும் இலவசம். சாதாரணக் காசநோய்க்கு ஆறு மாதம் மருந்து. இடையில் நலமாய்த் தோன்றும். அப்போது நிறுத்தினால் மருந்துக்கு அடங்காத நோயாய்த் திரும்பக்கூடும். ஊட்டமான உணவுக்காக மத்திய அரசு 2018 முதல் மாதம் 500 ரூபாய் கொடுத்து வந்தது. 2024 நவம்பர் முதல் அது 1000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. வீட்டிலுள்ள எல்லாரையும் சோதிக்கவேண்டும். நம் சகோதரரின் இளைய மகளுக்குத் தடுப்பு மருந்து கொடுத்தார்கள். அவருடைய மனைவிக்கும் மூத்த மகளுக்கும் ஒன்றுமில்லை.

வீடுகளிலும் இப்படியே. ஒரே காரியத்தைக் குறித்து மனைவி திரும்பத் திரும்ப முறையிட்டால், பள்ளிக்குப் போக மாட்டேன் என்று பிள்ளை தினமும் அழுதால், அதட்டி அடக்குவது எளிது. வீடு அமைதியாகும். எதை இறுக்கி அந்த அமைதியைப் பெற்றோம் என்பதுதான் கேள்வி. எப்போதிருந்து, அதற்கு முன் என்ன நடந்தது என்று பொறுமையாய்க் கேளுங்கள். காரணம் சிலவேளை நம்மிடத்திலேயே தொடங்கியிருக்கும். என் வண்டியில் தொடங்கினதுபோல.

ஆறு மாதம் மருந்து முடிந்து, சோதனையில் சுகம் உறுதியானபின் நம் சகோதரர் இரண்டாம் முறை சபையில் எழுந்து நின்றார். "எனக்குக் காசநோய் இருந்தது. முன்பு சாட்சி சொன்ன பிறகும் நான் இருமிக்கொண்டுதான் இருந்தேன். உங்களிடத்தில் மறைத்தேன். மருந்து சாப்பிட்டேன். கர்த்தர் என்னைச் சுகமாக்கினார்" என்றார். சற்று நேரம் ஒருவரும் அல்லேலூயா சொல்லவில்லை. பின்பு பின்வரிசையிலிருந்து ஒரு தாயார் சொன்னார்கள்.

அந்த வாரத்தில் இரண்டு பேர் என்னிடம் தனியே வந்து, தங்களுக்கும் வெகுநாளாய் இருமல் இருக்கிறது என்றார்கள்.

கர்த்தர் நமக்குக் கேட்கிற செவியைத் தந்தருள்வாராக. ஆமென்.